எங்கள் ஊருக்கு வராத ஓட்டுப்பெட்டி

1

"ஒரு பக்கம் போதும் சரோஜா. ரொம்ப நீட்டாத. பசங்களுக்குப் புத்திமதி மாதிரியும் இருக்கணும், வாழ்த்து மாதிரியும் இருக்கணும்."

போன மாதம் தொலைபேசியில் ராசாங்கம் மச்சான் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். அவர் என் தாய்மாமன் மகன். போடியில் ஏலக்காய் ஏலம் கூறுகிறவர்களில் அவர் குரலுக்கு இன்றைக்கும் ஈடு கிடையாது. இத்தனை கடல் தாண்டி வருகிற குரலைக்கூட ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. போடிக்கும் தேவாரத்துக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் இளைஞர்களுக்குக் குடிமைப் பயிற்சி வகுப்பு தொடங்கப்போகிறாராம். அரசியல் சாசனத்தின் முகவுரையைப் பெரிய எழுத்தில் எழுதிப் பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் மாட்டப்போகிறார்களாம். ஒப்புவித்தல் போட்டி, பரிசு, விழா மலர் எல்லாம் உண்டாம். மலருக்கு என் வாழ்த்துரை வேண்டுமாம்.

"இந்தக் காலத்துப் பயலுகளுக்கு நாடுன்னா என்ன, சட்டம்னா என்னன்னு ஒரு மண்ணும் தெரியல புள்ள. சினிமாக்காரனுக்குத் தட்டி கட்டத்தான் தெரியுது. நீதான அந்தக் காலத்துல மொதல்ல ஆரம்பிச்சவ," என்றார். சரி, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுத வரவில்லை. சமையலறை மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு, வெளியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'அன்புள்ள இளைஞர்களே' என்பதற்கு மேல் பேனா நகராது. பருப்பு தீய்ந்ததுதான் மிச்சம்.

இந்த நிலையில்தான் வியாழக்கிழமை சாயங்காலம் என் மகள் கவிதா பள்ளிக்கூடப் பேருந்திலிருந்து குதித்து ஓடி வந்தாள். பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பனியோடு உள்ளே வந்து, "அம்மா, நான் அக்ளெய்ம்ட்!" என்று கத்தினாள்.

மாணவர் மன்றத்துக்கு அவளுடைய வகுப்பின் சார்பில் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. அதனால் ஓட்டெடுப்பு இல்லை. நம் ஊரில் 'அன்னப்போஸ்ட்' என்போமே, அதேதான். கனடாக்காரர்கள் அதற்கு ஆரவாரத்தோடு வரவேற்பது போன்ற ஒரு பெருமையான சொல்லை வைத்திருக்கிறார்கள். வகுப்பு முழுக்கக் கைதட்டியதாம். ஆசிரியை ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தாராம்.

பெற்றவள் என்ன செய்திருக்க வேண்டும்? கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்திருக்க வேண்டும். நானோ, "உங்க டீச்சர்கிட்டச் சொல்லி ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லு," என்றேன்.

"வேற யாருமே இல்லையே அம்மா. யாருக்கு ஓட்டுப் போடறது?"

"உனக்கு வேண்டாம்னு போட ஆள் இருக்கலாம்ல? அவங்க என்ன செய்வாங்க?"

என் குரல் உயர்ந்துவிட்டது. வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த அவள் அப்பா, மண்வெட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தார். கவிதாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "நீ ஏன் எனக்காக ஹேப்பியா இல்லை?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழந்தையிடம் போய் ஏன் அப்படி விழுந்தேன் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல என் ஆங்கிலமும் அவள் தமிழும் பற்றாது. ஆகவே, ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன். மச்சான் கேட்ட ஒரு பக்கத்துக்குள் இது அடங்காது.

2

நெருக்கடி நிலை முடிந்த வருஷம் எனக்கு இருபத்தொரு வயது. மதுரையில் வரலாறு படித்து முடித்துவிட்டு, மாப்பிள்ளை வருகிற வரைக்கும் வீட்டில் சும்மா இருந்தேன். அந்தத் தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டேன். விரலில் வைத்த மை அழிந்துவிடக் கூடாது என்று இரண்டு நாள் இடது கையால் பாத்திரத்தைத் தொடவில்லை. அதற்கு அம்மாவிடம் வாங்கிய வசவு தனி.

பள்ளிக்கூடத்தில் குடிமைப் பயிற்சி என்பது வரலாற்றுப் புத்தகத்துக்கு வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து பாடம். முழுப்பரீட்சை நெருங்கும்போது, 'அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். பஞ்சாயத்தின் கடமைகள் ஐந்து எழுதுக என்றால் எழுதுவோம். எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஒருவர் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. நெருக்கடி நிலையில் எதைப் பறித்தார்கள் என்றே தெரியாமல்தான் நாங்கள் பறிகொடுத்திருந்தோம். அந்த வெட்கத்தில்தான் நானும் ராசாங்கம் மச்சானும் இன்னும் சில பேரும் சேர்ந்து 'மாதிரி மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கினோம்.

போடியில் மாமாவுக்கு, அதாவது மச்சானின் அப்பாவுக்கு, ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி இருந்தது. கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். மேல்தளத்தில் காலிச் சாக்குகள் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சாக்குகள்மேல் உட்கார்ந்து சட்டமன்றம் நடத்துவோம். முகவுரையை ஒருவர் வாசிப்பார். பிறகு ஒரு தீர்மானம், அதன்மேல் வாதம், கடைசியில் ஓட்டு. ஜாதி, பணம், வயசு எதையும் பார்க்காமல் எல்லாரும் எல்லாரையும் 'உறுப்பினர் அவர்களே' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி.

சபாநாயகர் மச்சான்தான். அவர் அப்போதே ஏலக் கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தார். சட்டமன்றத்தில் ஓட்டு எப்படிக் கேட்பார்கள் என்று யார் கண்டது? அவருக்குத் தெரிந்த மாதிரி கேட்டார். "தீர்மானத்தை ஆதரிக்கிறவுக கை தூக்குங்க! ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுப்பார். மூணாவது தரம் சொல்வதற்குள் யாராவது கையை இறக்குவார்கள், யாராவது புதிதாகத் தூக்குவார்கள். ஒரே களேபரமாக இருக்கும். அப்படி இல்லை மச்சான் என்று எத்தனையோ தடவை சொன்னேன். வாயில் வந்துவிடுகிறது என்பார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒருநாள் செல்லத்தாய் ஏணியில் ஏறித் தலையை நீட்டினாள். கீழே காய் பொறுக்குகிறவள். எங்கள் ஊர்க் காலனிப் பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள். "என்ன தாயி, மேல ஏலமா நடக்குது? ஒரு காயையும் காணோம்?" என்றாள்.

உள்ளே வா, உட்கார் என்றேன். சாக்கைத் தட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். மூன்றாவது வாரம் வாயைத் திறந்தாள், அப்புறம் மூடவில்லை. கீழே என்னைத் 'தாயி' என்பாள், மேலே வந்தால் 'உறுப்பினரே' என்பாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று நான் வாசித்த அன்றைக்கு, "எப்ப ஒழிச்சாக?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

கிட்டங்கியில் தண்ணீர்ப் பானைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். காலனிப் பெண்கள் அதைத் தொடக் கூடாது. வேறு யாராவது சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், இவர்கள் கையேந்திக் குடிப்பார்கள். அதைப் பற்றித்தான் செல்லத்தாய் தீர்மானம் கொண்டுவந்தாள். இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் ஒரே டம்ளர். இரண்டு வாரம் விவாதம் நடந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் ஆகித் தீர்மானம் நிறைவேறியது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து கீழே இறங்கிப் போனோம். செல்லத்தாய் டம்ளரை எடுத்து, மொண்டு, நின்றபடி குடித்தாள்.

மறுநாள் மாமா எங்களைக் கூப்பிட்டுவிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே மச்சானிடம் கேட்டார்: "ஏலத்துல வெலை ஏறி நிக்குது. சரக்குக்காரன் எனக்குக் கட்டாதுன்னு சொன்னா என்ன செய்வ?"

"ஏலம் செல்லாதுப்பா. சரக்கை அவரே எடுத்துக்கிறலாம்."

"கிட்டங்கி யாருது? பானை யாருது?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்புட்டுத்தான். எனக்குக் கட்டாது. வெளையாடுறதுன்னா வேற எடத்துல போய் வெளையாடுங்க."

நான் வாதாடினேன், அழுதேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமா மசியவில்லை. மேல்தளத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. செல்லத்தாயை வேலைக்கு வர வேண்டாம் என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். விடிகாலையில் போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் அவளும் ஏறிவிட்டாள். போகிற அன்றைக்கு வழியில் என்னைப் பார்த்தவள், "மாமா சொன்னது சரிதான் தாயி. பானை அவுகளுதுதான். ஆனா நாடு அவுகளுது இல்லையே?" என்றாள். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, விமானம் ஏறினேன்.

3

இங்கே வந்த பிறகு குடியுரிமை வாங்கிக்கொண்டோம். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அரசாங்கம் சார்ந்த வேலை, இருந்தால் நல்லது என்றார்கள். எல்லைக்கு அந்தப்புறம் போய்வர வசதி. "பாஸ்போர்ட்டுங்கிறது ஒரு அட்டைதானே சரோஜா, அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் நானேதான் கையெழுத்துப் போட்டேன்.

நேர்முகத்துக்கு ஒரு வயதான நீதிபதி முன்னால் உட்கார வேண்டியிருந்தது. நல்ல மனிதர். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள், குளிருகிறதா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, ஒரு குடிமகனுக்கு என்னென்ன உரிமைகள் என்று கேட்டார். நன்றாகப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் சாக்குமேல் உட்கார்ந்து படித்ததுதான் வந்தது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம், பிறப்பிடம் சாதி மதம் பார்த்து வேற்றுமை கூடாது, தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கடைசியாகச் சொன்னது என்ன?" என்றார்.

விளக்க முயன்றேன். தொடக் கூடாது என்பதையும் டம்ளரையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நீங்கள் சொல்வதெல்லாம் அருமையான விஷயங்கள். ஆனால் அது வேறு நாட்டுச் சட்டம்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் இந்த நாட்டு உரிமைகளைத் தட்டுத்தடுமாறிச் சொல்லித் தேறிவிட்டேன்.

பிறகு ஒரு மண்டபத்தில் வேற்று நாட்டு அரசிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வலது கையைத் தூக்கினோம். ஆறு வயது கவிதா எங்களோடு சேர்ந்து கையைத் தூக்கினாள், யாரும் சொல்லாமலே. அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. கேக் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து இந்தியத் தூதரக அலுவலகத்தில் வரிசையில் நின்று பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஓரத்தைக் கத்தரித்து, ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். தமிழர்தான். எந்த ஊர் என்று கேட்டார். போடி என்றேன். "அப்படியா, ஏலக்காய் ஊரு," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து கார் நிறுத்தியிருந்த இடம் வரை நடந்தேன். காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெயிலும் பனியுமாகக் கண் கூசுகிறது என்று அவரிடம் சொன்னேன்.

கவிதாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? இந்தியா என்றால் அவளுக்குக் கொசுவும் பாட்டி வீட்டு ஆட்டுக்குட்டியும். இங்கத்துப் பிரதமர்கள் பேரை வரிசையாகச் சொல்லுவாள். நான் முகவுரையைச் சொல்லிக் காட்டினால், 'ரொம்ப லாங்' என்பாள்.

4

எண்பத்தாறு தொடக்கத்தில், குடியுரிமை வாங்கின கையோடு, தங்கை கல்யாணத்துக்கு மூன்று பேருமாக ஊருக்குப் போனோம். எத்தனையோ வருஷம் தள்ளிப்போன பஞ்சாயத்துத் தேர்தல் அப்போதுதான் வந்திருந்தது. ஊரில் ஒரு சுவரில்கூடச் சின்னம் இல்லை. நோட்டீஸ் இல்லை, மைக் சத்தம் இல்லை. என்ன இவ்வளவு அமைதி என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஏலம் முடிஞ்சுபோச்சுல்ல," என்றார்.

கோயில் திடலில் ஊர் கூடித் தலைவர் பதவியை ஏலம் விட்டிருக்கிறார்கள். அதிகம் கேட்டவருக்குப் பதவி. பணம் கோயில் திருப்பணிக்கு. மற்றவர்கள் யாரும் மனுத் தாக்கல் செய்யக் கூடாது, செய்தால் ஊர்க்கட்டுப்பாடு. மலைமேல் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் எடுத்திருந்தார். ஏலம் கூறியவர் யார் என்று நான் கேட்கவே தேவையில்லை.

மச்சானிடம் நேரே போனேன். மாமா அப்போது உயிரோடு இல்லை, கிட்டங்கியை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கோபத்தைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. காப்பி வரவழைத்தார்.

"நீ தூரத்துல இருந்து பேசுற புள்ள. முந்தின தேர்தல்ல வெட்டுக்குத்தாகி ரெண்டு குடும்பம் நாசமாப் போச்சு. ஒனக்கே தெரியும். இப்ப ஒரு சட்டி ஒடையல. கோபுரம் எந்திரிச்சுரும். ஊரே ஒருமனசா எடுத்த முடிவு இது."

"ஊரேன்னா? காலனியக் கேட்டீங்களா? பொம்பளைகளக் கேட்டீங்களா?"

"திடலுக்கு வரக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "எனக்கு மட்டும் இது புடிச்சாருக்கு? கூறச் சொன்னாக, கூறுனேன். கொரலு இருக்குல்ல," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் துக்கம். சாக்குமேல் நின்றுகொண்டு சமத்துவம் என்ற சொல்லை இரண்டு தரம் அழுத்தி வாசித்தவர் அவர். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

5

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் செல்லத்தாய் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மலையில் ஏலத்தோட்ட வேலை, வார லீவுக்கு மட்டும் அம்மா வீட்டுக்கு இறங்குவாளாம். பேச்சில் ஒன்றிரண்டு மலையாளச் சொல் கலந்திருந்தது. வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் முகம் போன போக்கைக் கவனித்தும் அவள் எழவில்லை.

"யக்கா, நல்லாருக்கீகளா? தடிச்சுட்டீக," என்றாள். 'தாயி' போய் 'யக்கா' வந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இடுப்பிலிருந்து மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். வேட்புமனு. தலைவர் பதவிக்கு.

"செயிக்கிறதுக்கு இல்லக்கா. தோத்தாத் தோத்துட்டுப் போறேன். எதுத்து ஒரு ஆளு நின்னாத் தேர்தல் வச்சுத்தான ஆகணும்? ஓட்டுப்பெட்டி நம்ம ஊருக்குள்ள வரணும். எங்க தெரு ஆளுகளும் வரிசையில நின்னு, நமக்கு யாரு வேணும்னு ஒரு தடவையாச்சும் சொல்லணும். திடல்ல நாங்க ஓரமா நிக்கிறோம், இவுக ஏலம் விடுறாக. நாங்க என்ன காயா?"

மனுவை முன்மொழிய அந்த ஊர் வாக்காளர் ஒருவர் வேண்டும். நாளை மத்தியானம் மூன்று மணியோடு கெடு முடிகிறது. அவள் பேர் அம்மா வீட்டு விலாசத்தில் ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது; புருஷன் பேர் மலையில் கேரளத்துப் பட்டியலில் இருக்கிறது. அண்ணன் கையெழுத்துப் போட்டால் குத்தகை நிலத்தைப் பிடுங்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தெருவில் வீடு வீடாகக் கேட்டுவிட்டாள். எல்லாருக்கும் ஆசை இருக்கிறது, துணிச்சல்தான் இல்லை.

"லிஸ்டுல ஒங்க பேரு இன்னும் இருக்குக்கா. ஒங்கள யாரு என்ன செஞ்சுற முடியும்? ஒரு கையெழுத்து."

என் பேரை யாரும் எடுக்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு வந்த குதூகலத்தை என்ன சொல்ல! வெளிநாட்டில் பனி தள்ளிக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் வீணாகப் போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு காரியம் கிடைத்த மாதிரி இருந்தது. நாளைக்குக் காலையில் பஸ் ஏறுவோம் என்றேன். அம்மா, "கல்யாண வீட்டுல இது தேவையாடி?" என்று மட்டும் கேட்டாள்.

போடி யூனியன் ஆபீஸுக்கு நாங்கள் போனபோது மணி பன்னிரண்டு இருக்கும். வராண்டாவில் ஏலம் எடுத்தவரும் அவர் ஆட்களும் நின்றார்கள். கூடவே மச்சான். செல்லத்தாய் அவர்களைப் பார்க்காதது மாதிரி நேராக மேசைக்குப் போனாள். நான் பேனாவைத் திறந்தேன்.

"சரோஜா," என்றார் மச்சான். பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நீ கனடாக்காரி ஆயிட்டியாமே. ஒன் வீட்டுக்காரரு நேத்து சந்தோசமாச் சொல்லிக்கிட்டிருந்தாரு. கையெழுத்துப் போடாத. பரிசீலனையில நான் சொல்லும்படியா ஆயிரும். குடிமக்கள்தான் ஓட்டரு. நீதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்த?"

பதவியை ஏலம் விட்டவருக்கு அரசியல் சாசனம் நினைவிருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. பேனா என் கையில் அப்படியே இருந்தது. லிஸ்டில் பேர் இருப்பது வேறு, அந்தப் பேருக்கு உரிமை இருப்பது வேறு என்பது எனக்குத் தெரியாதா என்ன? முதல் நாள் சாயங்காலமே தெரிந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் மறந்தே போயிருந்தேன், வேறு நாட்டுக்காரி என்பதையே மறந்து போயிருந்தேன்.

செல்லத்தாய் என் முகத்தைப் பார்த்தாள்.

"அது என்னக்கா கனடாக்காரி? ரொம்ப வருசம் அங்க இருந்தா அவுகளா எழுதிக்கிருவாகளா?"

"இல்ல செல்லத்தாயி. நானாக் கேட்டு வாங்குனது."

"இங்க உள்ளத விட்டுட்டா?"

"ஆமா."

அவள் அந்தத் தாளை மேசையிலிருந்து எடுத்து மடித்தாள். "அதெல்லாம் விட முடியுமாக்கா?" என்றாள். டம்ளரைத் தொடக் கூடாது என்றபோதுகூட அவள் குரல் இப்படி ஆகவில்லை.

பிறகு ஒரு நொடி நிற்கவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் யாராவது அகப்படுவார்களா என்று சந்தைக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். காய்கறி இறக்க வந்த இரண்டு பேரைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவரைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் காலனிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பேனாவை நீட்டினாள். அந்தப் பெண் செல்லத்தாயின் கன்னத்தைத் தடவிவிட்டு, "என்னால முடியாது ஆத்தா, பிள்ளைக வயித்துல மண்ணள்ளிப் போட்டுருவாய்ங்க," என்று அழுதாள். நான் எல்லாரிடமும் கெஞ்சினேன். சட்டம் பேசினேன். கல்யாணத்துக்கு வந்த வெளிநாட்டு அம்மா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மூன்று மணிக்கு யூனியன் ஆபீஸ் கதவுக்கு வெளியே நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். எதிர்ப்பில்லாமல் தேர்வானவருக்கு வராண்டாவிலேயே மாலை போட்டார்கள்.

மலைக்குப் போகிற கடைசி ஜீப்பு லோடு ஏற்றிக்கொண்டு நின்றது. அவளை வழியனுப்பக் கூடவே போனேன். வழி நெடுக, மன்னிச்சுக்கோ செல்லத்தாயி, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். என் ஓட்டு, என் கையெழுத்து, என் ஊர் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் ஒரே நாளில் வெறும் பேச்சாகிவிட்டது. நடுத்தெருவில் எனக்கு அழுகை பொங்கியது. அவள் அழவில்லை. மனுவை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறி, மற்ற பெண்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது குனிந்து என் கையைப் பிடித்தாள்.

"அழுகாதீகக்கா. நான் இங்கதான இருக்கேன். அடுத்த தேர்தலுக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்."